மூன்றாவது பொட்டலம்

சோரே, ஹன்போ என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில், கடலில் நிற்கிற குதிரைத்தலைப் பாறையைப் பார்த்தமாதிரி ஒரு மேட்டில் கல்லறை ஒன்று இருக்கிறது. கிடப்பவனுக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை, வருசத்துக்கு ஒருநாள் நினைத்து அழ ஒரு நாதி இல்லை. ஆனாலும் ஜெஜு தீவின் அந்தக் கரையில் அவ்வளவு சுத்தமான கல்லறை எந்தப் பணக்காரனுக்கும் கிடையாது. ஒரு முள் முளைக்காது. ஒரு புல் விரல் நீளம் தாண்டாது. காரணம் பக்தி இல்லை, வீம்பு.

மற்ற கல்லறைகளுக்கு எட்டாம் மாதம் முதல் தேதி புல் வெட்டுவார்கள். அதுதான் தீவு வழக்கம். இந்தக் கல்லறைக்கு மட்டும் இரண்டு ஊரும் வெட்டும். ஒரு வருசம் ஹன்போக்காரர்கள் விடியற்காலையிலேயே போய் வெட்டிவிட்டு வந்தார்கள். மறு வருசம் சோரேக்காரர்கள் முந்தின நாளே வெட்டினார்கள். அதற்கடுத்த வருசம் ஹன்போ ஒரு வாரம் முந்திக்கொண்டது. இப்படி முந்தி முந்தி, இப்போது நாலாம் மாதத்திலேயே, புல் ஒழுங்காகத் தலை தூக்குவதற்குள் அரிவாள் போய்விடுகிறது. புல்லுக்கு வாய் இருந்தால் இரண்டு ஊரையும் சபித்திருக்கும்.

இவ்வளவும் பாறைக்காக. கரை ஒதுங்கிய பிணத்தை எந்த ஊர் எடுத்து அடக்கம் செய்கிறதோ, அந்தப் பிணம் ஒதுங்கிய கடல் அந்த ஊருக்கு என்பது தீவின் பழைய சட்டம். செத்தவனுக்குச் செலவு செய்தவனுக்குக் கடல் கூலி கொடுக்கிறது என்று கணக்கு. குதிரைத்தலைப் பாறையைச் சுற்றி முளைக்கிற செம்பாசிக்கு ஜப்பானில் நல்ல கிராக்கி. பதினைந்து நாள் பருவத்தில் மூழ்கி அறுத்தால் அரை வருசம் வீடு ஓடும். அந்த மேட்டில் கிடப்பவனை அடக்கம் செய்தது நாங்கள்தான் என்று இரண்டு ஊரும் சத்தியம் செய்தது.

ஒரு வருசம் நாலாம் மாதம் ஒரு காலை ஹன்போவின் மூழ்குகிற பெண்கள் இருபத்தோரு பேரும் அரிவாளோடு மேட்டுக்குப் போனார்கள். இன்னோக் கடைசியாக ஏறினாள். மேலே போய்ப் பார்த்தால் புல் ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது. வெட்டுவாய் இன்னும் பச்சையாக இருந்தது. பக்கத்தில் சோரேக்காரிகள் சாப்பிட்டுப் போட்ட முட்டைத் தோடு வேறு.

தலைவி மால்சுன் குனிந்து ஒரு புல்லை எடுத்து மோந்து பார்த்தாள். அறுபதை நெருங்குகிறவள், இன்னும் அந்தக் கரையிலேயே அவள் அளவுக்கு ஆழம் போக ஆள் இல்லை. காது மட்டும் கடலில் போய் மந்தமாகிவிட்டது. கண் அதற்கும் சேர்த்து வேலை செய்யும்.

“நேத்து சாயங்காலம் அறுத்தது. நாம நேத்து மத்தியானந்தான் பேசினோம்” என்றாள். இருபது பேரும் திரும்பி இன்னோக்கைப் பார்த்தார்கள்.

இன்னோக் பிறந்தது சோரே. ஹன்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருசம் ஆகிறது. பதினெட்டு வருசமும் அவளை ஹன்போவில் சோரேக்காரி என்றார்கள், சோரேயில் ஹன்போக்காரி என்றார்கள். அவள் வாயைத் திறந்து எவரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. அதை நம்பத்தான் ஆளில்லை.

கரையில் கல்லடுக்கி வட்டமாகக் கட்டின மறைப்பு ஒன்று இருக்கிறது. கடலில் இறங்குமுன் துணி மாற்றவும், ஏறி வந்து குளிர் காயவும் அதுதான் இடம். நடுவில் நெருப்பு. புகை வராத பக்கம் ஆழம் போகிற கைகாரிகளுக்கு, புகை அடிக்கிற பக்கம் கற்றுக்குட்டிகளுக்கு என்று இடம் பிரித்திருக்கும். பத்து வருசமாக இன்னோக்குக்குப் புகை இல்லாத பக்கம். அன்று திரும்பி வந்தபோது அவள் இடத்தில் மால்சுன் ஈரத் துணியைக் காயப் போட்டிருந்தாள். இன்னோக் புகைக்குள் போய் உட்கார்ந்தாள். கண் எரிந்ததில் அழுதால் தெரியாது என்பது ஒன்றுதான் வசதி.

“பத்தாம் தேதி தெரிஞ்சிரும்” என்றாள் மால்சுன், நெருப்பைக் கிளறிக்கொண்டே. “ஆபீசர் வந்து மண்ணைக் கிண்டட்டும். அதுக்கப்புறம் சோரேக்காரி எவளாவது பாறைப் பக்கம் வந்தா, கழுத்துல மிதவையக் கட்டி அனுப்புதேன். உள்ளூர்ச் சோரேக்காரியையும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

மண்ணைக் கிண்டுவது என்பது மீன்வள ஆபீசர் பெக்கின் ஏற்பாடு. கடலுக்கு அப்பால் பெருநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த மனிதர், மூக்குக்கண்ணாடிக்காரர், அந்தந்த வேலையை அந்தந்த நாளில் முடிக்க நினைக்கிறவர். போன வருசம் பாசிப் பருவத்தில் இரண்டு ஊர்ப் பெண்களும் நடுக்கடலில் மிதவைச் சுரைக்காயால் அடித்துக்கொண்டு, ஒருத்திக்குப் பல் போய், அவருக்கு மேலிடத்திலிருந்து திட்டு வந்தது. இந்த வருசம் இரண்டு ஊரையும் கூப்பிட்டு, அடக்கம் செய்தவர்களுக்கு அடையாளம் தெரியும் அல்லவா, சொல்லுங்கள் என்றார். பித்தளைக் கரண்டி வைத்துச் சணல் துணியில் சுற்றினோம் என்றது ஹன்போ. முகத்தில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தோம் என்றது சோரே. சரி, பத்தாம் தேதி தோண்டுவோம், கரண்டியா கிண்ணமா என்று பார்த்துவிடுவோம், இரண்டும் இல்லையென்றால் பாறை அரசாங்கத்துக்கு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கத்தின வேகத்தில் இரண்டு ஊரும் தலையாட்டிவிட்டது.

அன்றிலிருந்து இன்னோக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தக் கல்லறையில் யாரும் இல்லை.

அது அவளுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவள் பார்த்தாள். வசந்தகாலம், பழைய பார்லி தீர்ந்து புதுப் பார்லி முற்றாத நேரம், ஊரே பாசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. பிணம் ஒன்று பாறைக்கு இப்பால், சோரேப் பக்கம் வந்து தட்டி நின்றது. ஒரு காலில் மட்டும் வெள்ளைக் காலுறை. எடுத்தால் தூக்குகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும், பன்றி அடிக்க வேண்டும், போலீஸ் வந்து ஆயிரம் கேட்கும். அவள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மூங்கில் கழியால் ஹன்போப் பக்கம் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் அது திரும்பி வந்தது. ஹன்போவிலும் மூங்கில் கழி உண்டு என்று அர்த்தம். இரண்டு நாள் அந்த மனிதன் இங்கும் அங்குமாக அலைந்தான். மூன்றாம் நாள் காற்று மாறி, கடலே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மூன்று வருசம் கழித்துச் செம்பாசிக்கு விலை வந்தது. ஒரு நாள் அதிகாலையில் அப்பா அவளை எழுப்பி மேட்டுக்குக் கூட்டிப் போனார். முள்ளை வெட்டினார், மண்ணைக் கூட்டினார், உள்ளே போட அவளைக் கல் பொறுக்கச் சொன்னார். இதில் யாருப்பா என்று அவள் கேட்டதற்கு, கல்லைப் போடு என்றார். மறுவாரம் ஊரில், முள்ளை வெட்டினபோது நாம் அடக்கம் செய்தவன் கல்லறை தெரிந்தது என்று பேச்சு. அதற்கு மறுவாரம் ஹன்போக்காரர்கள் வந்து, ஆமாம், நாங்கள் அடக்கம் செய்ததுதான், முள் மறைத்திருந்தது என்று புல்லை வெட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தொடங்கின வெட்டு.

அந்த ஆண்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்று இன்னோக் நினைத்தாள். மற்ற பெண்கள் அந்தக் கல்லறைக்குப் புல் வெட்டுகிற வேகத்தைப் பார்த்தால் வேறு எப்படி நினைக்க முடியும்?

தோண்டினால் அப்பாவின் பேர் நாறும், அது கூடப் பெரிதில்லை. பாறை போய்விடும். பாறை போனால் அவள் மறுபடி கூலிக்கு மூழ்கப் பெருநாட்டுப் படகேற வேண்டும். கணவன் சான்சிக்குக்குக் கூரை வேயும்போது விழுந்ததில் இடுப்புப் போய்விட்டது. உட்கார்ந்து கயிறு திரிப்பான், சமைப்பான், அவ்வளவுதான். முன்பு நாலு வருசம் அவள் அப்படித்தான் போனாள், பங்குனி வாக்கில் போனால் ஐப்பசி கழித்துத்தான் வீடு. கடைசி வருசம் திரும்பி வந்தபோது மகள் சுக்ஜா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரோ அத்தை வந்திருக்காவ” என்றாள். அந்த ஒரு வார்த்தை இன்னோக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, இன்னும் எடுபடவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்று அப்போதுதான் பாறையை நம்பி வைராக்கியம் எடுத்தாள். இப்போது ஆள் பிடிக்கிற தரகன் சந்தையில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று கேள்வி.

“போய் உங்க மதினியப் பாரு” என்றான் சான்சிக். அவனிடம் மட்டும் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். “எப்பிடியும் ஒன்னைச் சோரே உளவுகாரின்னுதான் சொல்லுதாவ. சொன்ன பேருக்கு ஒரு நாளாவது போயிட்டு வா.”

சோரேயின் தலைவி இன்னோக்கின் அண்ணன் மனைவி குமாக். இன்னோக் ஊருக்குள் போனபோது ஒவ்வொரு கல்சுவருக்கு மேலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அண்ணன் நலம் கூட விசாரிக்காமல் நைசாகக் குதிரையைப் பார்க்கப் போய்விட்டான். குமாக் மட்டும் அடுப்படியில் உட்காரச் சொல்லி, பார்லிச் சோறும் பன்றியெலும்பு போட்ட பாசிக் குழம்பும் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தாள்.

“மால்சுன் அனுப்பினாளா?”

“அனுப்பல மதினி. நான் வந்தது தெரிஞ்சா என்னைப் பாறையில வச்சு அறுத்துருவா.”

“அப்பிடிச் சொல்லிக்கிட்டு வான்னும் அவளே சொல்லி அனுப்பியிருப்பா.”

இன்னோக்குக்குச் சிரிப்பு வந்தது. நேற்று நாங்கள் புல் வெட்ட வருவது உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“யாரு சொல்லணும்? ஆபீசர் வந்துட்டுப் போனா நீங்க அருவாளோட வருவியன்னு எங்களுக்குத் தெரியாதா? நாலு நாளா மேட்டுல ஆள் போட்டிருக்கோம். நீங்க போடலியா?”

“நேத்துலருந்து போட்டிருக்கோம்.”

“பெறவென்ன.”

பொறுமையாக, சுற்றி வளைத்து, இன்னோக் விசயத்துக்கு வந்தாள். தோண்ட வேண்டாம். தோண்டாமல் இரண்டு ஊரும் பேசி முடிக்க வழியுண்டா? குமாக்கின் கண் சுருங்கியது. தோண்ட ஏன் பயப்படுகிறாய், கரண்டி இல்லை என்று ஹன்போவுக்குத் தெரிந்துவிட்டதா என்றாள். கிண்ணம் இருக்கிறதா மதினி என்று இன்னோக் திருப்பிக் கேட்டாள். குமாக் எழுந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். தேவையில்லாத விறகு.

“பேசி முடிச்சாலும் என்ன நடக்கும்?” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. “ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நாங்கன்னு வைப்போம். எங்க நாள்ல நீங்க வரலன்னு யாரு பாக்கது? பாதிப் பாறை ஒங்களுக்கு, பாதி எங்களுக்குன்னு வைப்போம். தண்ணிக்கு அடியில கோடு போட முடியுமா? மூழ்கிப் போறவ எங்க போறான்னு மேல நிக்கிறவளுக்கு எப்பிடித் தெரியும்? ஒவ்வொருத்திக்கும் காவலுக்கு ஒருத்தி வேணும்.”

“போடுவோம்” என்றாள் இன்னோக்.

“என்னத்த?”

“ஒவ்வொருத்திக்கும் ஒருத்தி. எங்காளு ஒண்ணு, ஒங்காளு ஒண்ணு, ஒரே மிதவை, ஒரே வலைப்பை. ஒருத்தி இறங்கினா மத்தவ மேல நிக்கணும். எங்கள நம்பாண்டாம் மதினி. எங்க பக்கத்துல வந்து நின்னு சந்தேகப்படுங்க. கரையில நின்னு சந்தேகப்பட்டா கண்ணுதான் வலிக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. குமாக் திரும்பி அவளைப் பார்த்தாள். மால்சுன் செத்தாலும் ஒத்துக்கமாட்டாள் என்றாள். புறப்படும்போது ஒரு கட்டு உலர்ந்த முள்ளங்கிக் கீரையைக் கையில் திணித்தாள். அதற்குள் ஏதாவது சீட்டு வைத்திருக்கிறாளோ என்று இன்னோக் வழியில் பிரித்துப் பார்த்தாள். கீரைதான். மனுசி மனசு அந்த அளவுக்குக் கெட்டுப் போயிருந்தது.

அவள் சோரே போய்வந்த செய்தி அவளுக்கு முன்னால் ஹன்போ வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் கல்வட்டத்தில் மால்சுன் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“என்ன பேசினே?”

இன்னோக் மறைக்காமல் சொன்னாள், அப்பா விசயம் தவிர. இருவர் இருவராகப் போவது என்றதும் ஒரு கூச்சல் எழுந்தது. பல் போனவள் பேர் சுன்யோல். அவள்தான் அதிகம் கத்தினாள், பல் இடைவெளியில் பாதி வார்த்தை காற்றாகப் போனது. தண்ணீருக்குள் சோரேக்காரி காலைப் பிடித்து இழுத்தால் யார் சாட்சி என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

மால்சுன் கூச்சலை அடக்கினாள். “இவ்வளவு தூரம் நடந்திருக்க. தோண்டுறதுல ஒனக்கு என்னட்டி பயம்?”

“அக்கா, செத்தவனைக் கிண்டுறது நல்லதா?”

“நல்லதில்லதான். நான் அதக் கேக்கல.”

மால்சுன் இன்னோக்கின் கண்ணுக்குள் எதையோ தேடினாள். கடைசியில், பத்தாம் தேதி முடியட்டும், பிறகு நீ இந்த வட்டத்தில் உட்கார்வதா வேண்டாமா என்று பார்ப்போம் என்று சொல்லி முடித்தாள்.

பத்தாம் தேதி தூறலும் மேல்காற்றும். மேட்டில் ஹன்போ ஒரு பக்கம், சோரே ஒரு பக்கம், நடுவில் அந்த மண்மேடு தலைவாரி விட்ட பிள்ளைமாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டு ஊரும் செத்தவனுக்குத் தின்பண்டம் கொண்டுவந்திருந்தன: தினைப் பணியாரம், சுட்ட மீன், வெள்ளைக் கிண்ணத்தில் கள். எங்கள் படையல்தான் பெரிது என்று ஒருவர் தட்டை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஆபீசர் பெக் இரண்டு மண்வெட்டி கொண்டுவந்திருந்தார்.

“ஊருக்கு ஒருத்தரா வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே தோண்டுங்க, அப்பத்தான் பின்னாடி ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடமாட்டீங்க.”

யாரும் அசையவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். ஆண்கள் கடலைப் பார்த்தார்கள். இந்த மண்ணுக்கு அடியில் இன்னோக் பன்னிரண்டு வயதில் பொறுக்கிப் போட்ட கல்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து விழும். மால்சுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மண்வெட்டியை வாங்கப் போகிறாள் என்று இன்னோக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆபீசரய்யா” என்று மால்சுன் குரல் கேட்டது. “ஒரு விசயம் சொல்ல மறந்துட்டோம். எங்க தீவுல சாமியெல்லாம் மேல போயிருக்கிற அந்த ஒரு வாரந்தான் மண்ணைத் தொடுவோம். குளிர்கால முடிவுல வரும். வீடு மாத்துறது, கல்லறை மாத்துறது எல்லாம் அப்பத்தான். இப்ப எல்லாச் சாமியும் ஊர்லதான் இருக்கு. இப்ப மண்வெட்டி போட்டா போட்டவன் வீட்டுல பிள்ள நிக்காது.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கேக்கலியே.”

அது தீவில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வழக்கம். இத்தனை நாள் அது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று இன்னோக் திகைத்தாள். அதைவிடத் திகைப்பு, சோரே பக்கத்திலிருந்து குமாக் சொன்னது.

“அந்தக்கா சொல்லுதது சரிதான்.”

முப்பது வருசத்தில் இரண்டு ஊரும் ஒத்துப்போன முதல் வார்த்தை அதுதான். சொன்னவளுக்கே அது வாயில் பொருந்தவில்லை போலிருந்தது, இருமிக்கொண்டாள்.

பெக் நல்ல மனிதர்தான், ஆனால் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. அப்படியானால் சாமிகள் போகிறவரைக்கும் பாறையை மூடி வைக்கிறேன், யாரும் இறங்கக் கூடாது என்றார். அந்த வருசப் பாசி தண்ணீரிலேயே அழுகும் என்று அர்த்தம். கூட்டம் கசகசவென்றது. இன்னோக்குக்குச் சந்தையில் உட்கார்ந்திருக்கிற தரகன் முகமும், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளையின் முகமும் ஒன்றாக வந்தன. அவள் முன்னால் வந்து, குமாக்கிடம் சொன்னதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ஊருக்கு ஒருத்தியாக ஒரு மிதவைக்கு இருவர். ஒரே நேரத்தில் கடலுக்குப் போய் ஒரே நேரத்தில் கரையேறுவது.

பெக் யோசித்தார். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே விண்ணப்பம் கொடுத்தால் தடையில்லை என்றார். உடனே தகராறு வேறு பக்கம் போனது. பாசியை யார் பங்கு வைப்பது? பங்கு வைக்கிறவள் முதலில் எடுக்கக் கூடாது என்று சுன்யோல் காற்றும் வார்த்தையுமாகச் சொல்ல, அது மட்டும் சட்டென்று எல்லாருக்கும் பிடித்துவிட்டது. விண்ணப்பத்தில் எந்த ஊர் பேர் மேலே? அதற்குத்தான் அரைமணி நேரம் போனது. மேலே இருப்பது முதல் ஊர், கீழே இருப்பது அடங்கின ஊர் என்று இரண்டு பக்கமும் பிடிவாதம். மழை வலுத்தது, ஆபீசர் காகிதத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

மால்சுன் போய்ச் சோரேக்காரர்கள் படைத்திருந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தாள். கள்ளை மேட்டில் ஊற்றினாள். கிண்ணத்தைத் திருப்பி அடியைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், விரலால் விளிம்பைத் தடவினாள். சோரேக்காரர்கள் கிண்ணத்தில் என்ன சூது வைத்திருக்க முடியும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பிறகு காகிதத்தை வாங்கிக் குடைக்கடியில் விரித்து, கிண்ணத்தை அதில் கவிழ்த்து, ஆபீசர் பேனாவால் சுற்றிவர ஒரு வட்டம் போட்டாள்.

“இந்த வட்டத்தச் சுத்திக் கைநாட்டு வைப்போம். வட்டத்துல மேல ஏது, கீழ ஏது. எவன் முதல்ல வச்சான்னு காயிதத்தப் பாத்து எவனும் சொல்ல முடியாது.” தன் பெருவிரலை மையில் அழுத்தி முதலில் வைத்தவள் அவள்தான். ஆனால் காகிதத்தைப் பார்த்து இப்போது யாரும் அதைச் சொல்ல முடியாது, கதை சொல்கிற நான் சொன்னால்தான் உண்டு.

பதினைந்தாம் தேதி பாறை திறப்பு. முந்தின நாள் மத்தியானம் இன்னோக் வீட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் கட்டினாள். பருவம் திறக்கிற அன்று ஒவ்வொருத்தியும் வெள்ளைக் காகிதத்தில் வெள்ளரிசிச் சோறு கட்டிக் கடலில் போடுவாள்: ஒன்று கடல்ராசாவுக்கு, ஒன்று தன் உயிருக்கு. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரிகள் மட்டும் அந்த ஆளுக்காக மூன்றாவதாக ஒன்று போடுவார்கள். இன்னோக் இரண்டைக் கட்டிவிட்டு மூன்றாவது காகிதத்தை எடுத்தாள்.

“நம்ம வீட்டுல கடல்ல போனவுக யாருமில்லையே” என்றான் சான்சிக்.

“ஒரு கால்ல காலுறை போட்டவன் ஒருத்தன் இருக்கான்.”

அவன் கயிறு திரிப்பதை நிறுத்தி, பானையிலிருந்து இன்னும் ஒரு கரண்டிச் சோறு எடுத்துக் கொடுத்தான். வீட்டில் அவ்வளவுதான் அரிசி இருந்தது.

மறுநாள் காலையில் ஜோடி பிரித்தபோது வந்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹன்போவில் இருபத்தோரு பேர், சோரேயில் இருபது. ஜோடி கட்டி முடித்ததும் இன்னோக் தனியாக நின்றாள். சோரேக்காரிகளுக்கு அவள் ஹன்போ, ஹன்போக்காரிகளுக்கு அவள் சோரே, யாரும் அவளைத் தங்கள் மிதவைக்குக் கூப்பிடவில்லை. இவ்வளவு செய்தும் இதுதானா என்று நினைத்தாள். மால்சுன் குமாக்கோடு ஜோடி. வேறெவளையும் நம்ப முடியாது என்று தலைவிகள் இருவரும் ஒருவரையொருவர் காவலுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்ககூட வா” என்றாள் மால்சுன், அவளைப் பார்க்காமலே. “நாங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள அடிச்சிக்கிட்டா பிரிச்சிவிட ஆள் வேணும்.”

பாறைக்கு வெளியே இருபது மிதவைகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மால்சுன் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். கடல்ராசாவுக்கு ஒன்று போட்டாள். தனக்கு ஒன்று போட்டாள். பிறகு மூன்றாவதாக ஒன்றை எடுத்தாள்.

மால்சுன் வீட்டில் கடல் யாரையும் கொண்டுபோகவில்லை. அவள் அப்பா நெஞ்சடைத்துச் செத்தார், புருசன் இன்னும் கள்ளுக்கடையில் இருக்கிறான். இன்னோக் குமாக்கைப் பார்த்தாள். குமாக் கையிலும் மூன்றாவது. அந்த மிதவையில், அடுத்த மிதவையில், அதற்கடுத்ததில் என்று நாற்பது வயது தாண்டின ஒவ்வொருத்தி கையிலும், ஹன்போவென்றும் சோரேயென்றும் இல்லாமல், தத்தம் வீட்டுக் கணக்குக்கு மேல் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. இளசுகள் எதற்கென்று தெரியாமல் முழித்தார்கள். அந்த மூங்கில் கழிகளை எத்தனை சின்னப் பெண்கள் எத்தனை சுவருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று இன்னோக்குக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை வருசம் அந்தப் புல்லை வெட்டியிருக்கிறார்கள், மற்றவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று.

எல்லாரும் ஒருவர் போடுவதற்காக ஒருவர் காத்திருந்தார்கள். இன்னோக் தன் மடியிலிருந்து மூன்றாவதை எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். அதற்குப் பிறகு சடசடவென்று எல்லாம் விழுந்தன. வெள்ளைப் பொட்டலங்கள் கொஞ்ச நேரம் பாறையைச் சுற்றி மிதந்தன. அவற்றைக் கழி வைத்துத் தள்ள யாருமில்லை. காகிதம் நனைந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

மால்சுன் மூழ்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டே சொன்னாள். “ஒங்கப்பன் மண்ணு நல்லாத்தான் கூட்டியிருந்தான். இத்தன மழைக்கும் கரையல.”

இன்னோக்குக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, கடலில் அது யாருக்குத் தெரியப் போகிறது.

“என்னட்டி முழிக்கே? நான் இறங்குதேன். ஒழுங்கா எண்ணு. நூறைத் தாண்டினா இவள அனுப்பு.” அவள் குமாக்கைக் காட்டிவிட்டு, அரிவாளைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக மூழ்கினாள். கால்கள் இரண்டும் ஒரு நொடி வானத்தில் தெரிந்து மறைந்தன.

இன்னோக் மிதவையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். குமாக் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. எண்பதில் இரண்டு பேர் குரலும் வெளியே வந்துவிட்டது. தொண்ணூறில் குமாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தொண்ணூற்று நாலு என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னபோது பக்கத்தில் தண்ணீர் பிளந்து, மால்சுன் தலை வெளியே வந்து, விசில்மாதிரி நீளமாக மூச்சு விட்டாள். கை நிறையச் செம்பாசி. அதை வலைப்பையில் போட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எத்தனை?” என்றாள்.

“தொண்ணூத்தி நாலு” என்றார்கள் இரண்டு பேரும்.

“ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லுதிய” என்றாள் மால்சுன் சந்தேகமாக. பிறகு மிதவையைப் பிடித்துக்கொண்டு, குமாக்கைப் பார்த்து, நீ இறங்கு, நான் எண்ணுகிறேன் என்றாள்.